சின்னமுட்டத்துக் கணியம்

கன்னியாகுமரிக்குப் போகிறவர்களில் சின்னமுட்டத்தை எட்டிப் பார்க்கிறவர்கள் குறைவு. ஊருக்கு வடகிழக்கே, ஆட்டோ பிடித்தால் சீக்கிரம் வந்துவிடும் மீன்பிடித் துறைமுகம் அது. தெரிந்தவர் ஒருவர் சொல்லிவைத்ததால் ஒரு ஃபைபர் வள்ளத்தில் எனக்கு இடம் கிடைத்தது. முக்கடல் சங்கமத்தில் சூரிய உதயத்துக்காகக் கூட்டம் சேர்ந்துகொண்டிருந்த நேரத்தில் நாங்கள் கடலுக்குள் இருந்தோம்.

வள்ளத்துக்காரருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். எஞ்சினை அவர் மகன் பார்த்துக்கொண்டார். பெரியவர் கடலைப் பார்க்கவே இல்லை. கரைக்கு முகம் திருப்பி உட்கார்ந்து, கண்ணைச் சுருக்கி எதையோ அளந்துகொண்டிருந்தார்.

“என்ன அண்ணாச்சி தேடுறீங்க?”

“கணியம் பாக்கேன் தம்பி.”

கணி, கணிப்பு எல்லாம் நமக்குத் தெரிந்த சொற்கள்தான். ஆனால் கணியம் என்று குமரிக் கடற்கரைக்காரர்கள் சொல்வது ஒரு தனி வித்தை. விழிஞ்ஞம் பக்கம் இதையே கணிச்சம் என்கிறார்கள். கடலுக்கு அடியில் பாறைத் திட்டுகள் உண்டு, அவற்றுக்குப் பார் என்று பெயர். களவா, விளமீன் எல்லாம் அங்கேதான் அண்டிக் கிடக்கும். மேலே பார்த்தால் எல்லா இடமும் ஒரே தண்ணீர். அப்படியானால் பாரை எப்படிக் கண்டுபிடிப்பது? கரையைப் பார்த்துத்தான்.

அன்று நான் பார்த்ததைச் சொல்கிறேன். மாதா கோயில் கோபுரம் தெரிந்தது, அதற்குப் பின்னால் தூரத்தில் மருந்துவாழ்மலை. கோபுரம் மலை உச்சிக்கு இடப்பக்கம் கொஞ்சம் விலகி நின்றது. “லே, இன்னும் தெக்க எடு” என்றார் பெரியவர். வள்ளம் நகர நகர, கோபுரம் மெல்ல வலப்பக்கம் ஊர்ந்து உச்சிக்கு நேர் கீழே வந்து நின்றது. இது ஒரு கோடு. அந்த நேர் பிசகாமல் கடலுக்குள் போய்க்கொண்டே, வடக்கே இன்னொரு ஜோடியைக் கவனித்தார். முன்னால் வட்டக்கோட்டை, பின்னால் மகேந்திரகிரி. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய கணத்தில் கையைத் தூக்கினார், எஞ்சின் நின்றது. இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் புள்ளிதான் கணியம்.

ஈயம் கட்டிய கயிற்றை இறக்கினார். ஆழத்தை இவர்கள் பாகத்தில் சொல்வார்கள். இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம் ஒரு பாகம். ஈயம் மணலில் விழுந்தால் மெத்தென்று நின்றுவிடும், பாரில் விழுந்தால் ‘டக்’கென்று கயிற்றில் தட்டும். என் கையில் கயிற்றைக் கொடுத்தார். தட்டியது! பள்ளிக்கூடத்தில் வடிவியலை இப்படிச் சொல்லிக் கொடுத்திருந்தால் நானும் உருப்பட்டிருப்பேன்.

இந்த வித்தைக்குக் கரை அப்படியே இருக்க வேண்டும். அடையாளமாக வைத்த பனை சாய்ந்தால், கோயிலுக்கு முன்னால் மாடி வீடு எழும்பினால், மலையைக் கல்குவாரிக்காகக் குடைந்தால் கணியம் போய்விடும். புதியவையும் வந்து சேர்கின்றன. 2000-இல் திறந்த 133 அடி வள்ளுவர் சிலை, காற்றாலைகள், கூடங்குளத்துக் குவிமாடங்கள், செல்போன் கோபுரம் எல்லாமே கணியத்துக்கு ஆகும். மூடுபனியில் கணியம் இல்லை. கரை மறைகிற தூரத்துக்குப் போனாலும் இல்லை.

ஜிபிஎஸ் இவரிடமும் இருக்கிறது, பிளாஸ்டிக் உறையில் சுற்றி வைத்திருக்கிறார். ஆனால் அதன்மேல் ஒரு புகார். “கணியம் அப்பன் மவனுக்குச் சொல்லுறது. இதுல உள்ள நம்பரை ஒருத்தன் எடுத்தாம்னா ஊரே எடுத்துரும்.” வேறு வள்ளம் பக்கத்தில் வந்தால் நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவாராம். சொல்லி வாய் மூடவில்லை, தூரத்தில் ஒன்று தெரிந்தது. தூண்டிலைச் சுருட்டச் சொல்லிவிட்டார். நல்ல கடி இருந்த நேரம், எனக்குத்தான் மனசே இல்லை.

கரையில் ஏலம் முடிந்ததும், இதையெல்லாம் எழுதலாமா என்று கேட்டேன். தாராளமாக எழுதச் சொன்னார், ஒரே ஒரு நிபந்தனையோடு. அதனால் மேலே சொன்ன நான்கு அடையாளங்களில் ஒன்றை மாற்றியிருக்கிறேன்.