கதையை நகர்த்தியது குழந்தையின் தூக்கம்

தொலைக்காட்சித் தொடருக்குக் கைக்குழந்தை வேண்டும் என்று உறவினர் மூலம் கேட்டு வந்தபோது எங்கள் மகளுக்கு ஏழு மாதம். கதையில் அது ஆண் குழந்தை. "ஆணோ பெண்ணோ, புதுமுகத்தைப் பார்த்து அழாமல் இருந்தால் போதும்" என்றார் ஒருங்கிணைப்பாளர். வேற்று ஆள் தூக்கும்போது அவள் என்ன செய்கிறாள் என்று பார்ப்பதற்காகப் புகைப்படத்தோடு ஒரு சிறு வீடியோவும் கேட்டார்கள்.

சம்பளம் பேசும் முன் அனுமதியைப் பற்றிக் கேட்டோம். 2017-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் விதிகளின்படி, தயாரிப்பாளர் படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் அனுமதி வாங்க வேண்டும். பெற்றோரின் சம்மதமும், குழந்தையின் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரின் பெயரும் அதில் இருக்க வேண்டும். வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தையின் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்புநிதியாகச் சேர வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம், ஓய்வில்லாமல் மூன்று மணி நேரம் என்பது விதியின் வரம்பு. என்னைக் கேட்டால் கைக்குழந்தைக்கு அதுவே மிக அதிகம். காலைத் தூக்கத்தில் அவளை எழுப்பக் கூடாது, தடுப்பூசி போட்ட வாரத்தில் அழைக்கக் கூடாது என்று தனியாக எழுதி வாங்கிக்கொண்டோம்.

வளசரவாக்கத்தில் ஒரு படப்பிடிப்பு வீடு. அம்மாவாக நடித்தவர் ஒப்பனைக்கு முன்பே வந்து, கனமான நகை எதுவும் போடாமல் அவளை மடியில் வைத்துக்கொண்டார். என்னுடைய பழைய பருத்திச் சேலை ஒன்றைக் கேட்டு வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். அந்த வாசனையில் அவள் அப்படியே அடங்கிப்போனாள். முகம் தெரியாத காட்சிகளில் துணியில் சுற்றிய பொம்மைதான். குழந்தை வீறிட்டு அழும் கட்டத்துக்கு, "அம்மா கொஞ்ச நேரம் வெளியே இருங்கள்" என்றார் உதவி இயக்குநர். முடியாது என்று சொல்லிவிட்டேன். தூங்கி எழுந்ததும் அவள் தானாக அழுததைப் பதிவு செய்து, பிறகு காட்சியோடு சேர்த்துக்கொண்டார்கள். அன்று விட்டுக்கொடுத்திருந்தால் அடுத்த முறையும் அதையேதான் கேட்டிருப்பார்கள்.

தொடர் ஒளிபரப்பானதும் எங்கள் தெருவே கதை சொல்ல ஆரம்பித்தது. அவளுக்குச் சளி பிடித்துச் சில வாரம் போக முடியவில்லை. திரையில் தொட்டில் மட்டும் ஆடியது. உடனே குழந்தையைக் கடத்திவிட்டார்கள் என்றார் பக்கத்து வீட்டு அக்கா. மருத்துவமனையிலேயே மாற்றிவிட்டார்கள், அதனால்தான் முகத்தைக் காட்டவில்லை என்று என் மாமியார் அடித்துச் சொன்னார். பேத்தி பக்கத்து அறையில் மூக்கடைப்போடு படுத்திருந்தாள் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் கதையை நம்பினார். நல்ல ரசிகர்கள் அப்படித்தான் பார்க்கிறார்கள், அது எனக்குப் பிடித்திருந்தது. கதை வெளியே போகக் கூடாது என்பதால் நான் வாயைத் திறக்கவில்லை. அடுத்து வந்த காட்சிகளில் ஆள்மாறாட்டமும் இல்லை, கடத்தலும் இல்லை. குழந்தை பாட்டி வீட்டுக்குப் போயிருப்பதாக ஒரே வரி வசனம்தான்.

நடக்கத் தொடங்கியதும் அவள் யார் மடியிலும் நிற்கவில்லை. 'ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு' என்று திரையில் எழுத்து வந்தது. வேறொரு சிறுவன் பள்ளிச் சீருடையில் ஓடி வந்தான். வைப்புநிதி ரசீதின் நகல் கைக்கு வந்த பிறகுதான் கடைசித் தாளில் கையெழுத்துப் போட்டோம்.