கிள்ளாமல் கிண்டிப் பாருங்கள்: யாழ்ப்பாணத்து மாரிக் காளான்கள்

வெள்ளைக் குடையைக் கண்டதும் குனிந்து தண்டின் நடுவில் கிள்ளி எடுப்பது எங்களில் பலருக்கும் சின்ன வயதிலிருந்தே வந்த பழக்கம். காட்டுக் காளானை அடையாளம் காணப் பழக விரும்புகிறவர் முதலில் விடவேண்டியது இதைத்தான். கிள்ளும்போது தண்டின் அடி மண்ணுக்குள் நின்றுவிடுகிறது. கறிக்கு ஆகும் காளானையும் ஆளைக் கொல்லும் காளானையும் பிரித்துக் காட்டும் அடையாளங்களில் பாதி அந்த அடியில்தான் இருக்கிறது. மேலே குடையை மட்டும் பார்த்தால் இரண்டும் அக்கா தங்கைபோலத்தான் தெரியும்.

குடாநாட்டில் காளானுக்கு உரிய காலம் ஐப்பசியும் கார்த்திகையும். மார்கழியிலும் வரும், ஆனால் தொடர்ந்து வெள்ளம் நின்ற நிலத்தில் அழுகிவிடும். வடகீழ்ப் பருவமழை பிடிக்கும் முன்பு, ஒக்ரோபரில் பின்னேரங்களில் இடியோடு கொட்டும் மழைதான் முதற் காளானை எழுப்புவது. இடி இடித்தால் காளான் முளைக்கும் என்று ஊரில் சொல்வதற்குக் காரணம் இதுதான். மாதக்கணக்காகக் காய்ந்து கிடந்த மண் ஊறி, வெயிலும் விட்டுவிட்டு எறிப்பதால் கீழே காத்திருந்த பங்கசுக்கு ஈரமும் சூடும் ஒன்றாகக் கிடைக்கின்றன.

அந்த மழைக்குப் பிறகு தேடவேண்டியது புற்றுக்காளான். கறையான் தன் புற்றுக்குள் ஒரு தோட்டமே செய்கிறது. காய்ந்த இலை, புல், விறகுத் துணுக்கு எல்லாவற்றையும் மென்று, கழிவாக இறக்கி, கடற்பஞ்சு போன்ற ஓட்டை ஓட்டையான அடைகளாக அடுக்கி வைக்கும். அந்த அடையில் வளரும் பங்கசுதான் அதற்குச் சாப்பாடு. மழை ஊறியதும் அதே பங்கசு நிலத்துக்கு மேலே அனுப்பும் குடையை நாங்கள் கறியாக்குகிறோம். அறிவியலில் இந்தச் சாதியின் பெயர் ரேர்மிற்றோமைசிஸ். கறையான் இல்லாமல் இது குடை விடாது. சிப்பிக்காளானைப்போலப் பையில் வளர்த்துச் சந்தைக்குக் கொண்டுவர முடியாமல் இருப்பதும் அதனால்தான்.

இதன் குடை நடுவில் கூர்மையாக எழும்பி, சாம்பலோ மண்ணிறமோ கலந்திருக்கும். இறுகிய மண்ணைத் துளைத்துக்கொண்டு வர அந்தக் கூர் வேண்டும். விரிந்த குடையின் ஓரம் பலவேளை வெடித்திருக்கும். தண்டு நார் நாராக, இறுக்கமாக இருக்கும். குடைக்கு அடியில் மீன் பூப்போல அடுக்கிய தகடுகள் முதலில் வெள்ளை, முற்ற முற்ற இளஞ்சிவப்புச் சாயல். இவ்வளவும் பொருந்தினாலும் கூடைக்குள் போடாதீர்கள். குடையிலிருந்து நாலு விரல் தள்ளிச் சத்தகத்தையோ சிறு மண்வெட்டியையோ நேராக இறக்கி, சுற்றிவர மண்ணைத் தளர்த்தி, தண்டைப் பிடித்து மெல்ல அசையுங்கள். ஒரு 15 சென்ரிமீற்றர் ஆழத்துக்குக் கிண்டினால் போதும். புற்றுக்காளானின் தண்டு மண்ணுக்குள் போகப் போக மெலிந்து வேர்போல நீளும். கீழே அடைவரைக்கும் அது போகும், அரை முழத்துக்கு மேலேயும் இருக்கலாம். அடியில் பையோ கிண்ணமோ உறையோ இருக்காது. கிண்டிய மண்ணில் கறையானின் வழிகளையும் காணவேண்டும்.

ஒரு கூட்டத்தில் ஒன்றை இப்படிக் கிண்டிப் பார்த்தால், அதோடு ஒட்டி நிற்கும் மற்றவற்றை மண்மட்டத்தில் அறுத்து எடுக்கலாம். ஒரு முழம் தள்ளி நிற்கிற குடையை மட்டும் வேறாகக் கிண்டிப் பாருங்கள். அது வேறு சாதியாக இருக்கக்கூடும். அலவாங்கு போட்டுப் புற்றை உடைக்கவே வேண்டாம். அடை சிதைந்தால் அடுத்த மாரிக்கு அந்த இடத்தில் காளான் இல்லை.

இதே சாதியில் சின்னது ஒன்று உண்டு. குடை ஒரு சதக்காசு அளவுதான் இருக்கும், ஆனால் நூற்றுக்கணக்கில் சோறு கொட்டியதுபோல நிலத்தை மூடும். கறையான் அடைத் துணுக்குகளை மேலே கொண்டுவந்து போடும் இடத்தில் இது வருவதால் நீண்ட வேர் இருக்காது. சுவையில் இதுதான் முதலிடம் என்பது என் எண்ணம். ஆனால் வேர் அடையாளம் இல்லாததால் பழகாதவர் இதில் தொடங்கக்கூடாது. சின்ன வெள்ளைக் காளான்களில் நஞ்சுள்ளவையும் நிறைய.

இனி யாழ்ப்பாணத்தில் ஆளை வீழ்த்தக்கூடிய காளான். கோயில் வீதி, பள்ளிக்கூட விளையாட்டிடம், வீட்டு முற்றம் என்று புல் உள்ள இடமெல்லாம், பலவேளை வளையமாகவோ வில்லாகவோ, சாப்பாட்டுத் தட்டளவு பெரிய வெள்ளைக் குடைகள் வரும். குடையின் நடுவில் மண்ணிறத் தோல், அதைச் சுற்றி மண்ணிறச் செதில்கள். தண்டில் மேலும் கீழும் நகர்த்தக்கூடிய தடித்த வளையம். அறிவியற் பெயர் குளோரோபிலம் மொலிப்டைற்றிஸ். தமிழில் பச்சைவித்திக் குடை என்றால் பொருந்தும். வித்தி என்பது தகட்டிலிருந்து விதைபோல உதிரும் தூள். உலகின் வெப்பநாடுகளில் எல்லாம் ஆட்கள் தவறிச் சாப்பிட்டு வருந்தும் காளான்களில் முன்னுக்கு நிற்பது இது. இதன் தகடுகள் இளசில் தூய வெள்ளை, விரிந்து சில நாட்களில்தான் பச்சைச் சாம்பலாக மாறும். இளசாகப் பறிப்பதுதான் நல்லது என்று நினைக்கிறவர் அதனால் ஏமாறுகிறார். சாப்பிட்டு 1 முதல் 3 மணித்தியாலத்துக்குள் வயிற்றுப்பிரட்டு, கடும் வாந்தி, வயிற்றோட்டம், சிலவேளை இரத்தத்தோடு. பெரியவர் பெரும்பாலும் தப்பிவிடுவார். சிறுபிள்ளைகளின் உடம்பு நீர் வற்றி ஆபத்தாகும். புல்லில் வளையமாக நிற்கும் பெரிய வெள்ளைக் குடையை எவ்வளவு கொழுகொழுவென்று இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

அமனிற்றா சாதி வேறு வகை ஆபத்து. பெரும்பாலானவை மரவேரோடு கூட்டாக வாழ்பவை. பனையும் தென்னையும் அந்தக் கூட்டுக்கு வராத மரங்கள். நட்டு வளர்த்த சவுக்கு, யூக்கலிப்ரஸ் போன்றவற்றின் கீழ் நிற்கும் காளான்களைப் பார்க்கும்போதுதான் கூடிய கவனம் தேவை. ஆனால் வெறும் புல்நிலத்தில் வரும் அமனிற்றாக்களும் உண்டு, பனங்காணி என்றதும் அஞ்சாமல் பறிக்க முடியாது. அடையாளம்: வெள்ளைத் தகடு, தண்டில் பாவாடைபோல் தொங்கும் வளையம், மண்ணுக்குள் முட்டைக்கோது உடைந்ததுபோல ஒரு பை. கிள்ளினால் அந்தப் பை மண்ணோடு போய்விடும். சில சாதிகளில் பை உதிர்ந்து வெறும் குமிழாக இருக்கும், அதையும் அதே சந்தேகத்தோடு பாருங்கள். இந்தச் சாதியின் கொடிய வகைகளில் உள்ள அமற்றொக்சின் என்ற நஞ்சு கொதித்தாலும் காய்ந்தாலும் அழியாது. சாப்பிட்டு 6 முதல் 24 மணித்தியாலம் ஒன்றும் தெரியாது. பிறகு வாந்தியும் வயிற்றோட்டமும் வரும். அது தணிந்து ஒருநாள் சுகமானதுபோல இருக்கும். அந்த இடைவெளியில்தான் ஈரல் அழிந்துகொண்டிருக்கும்.

தகட்டின் நிறத்தைக் கண்ணால் மதிப்பிடுவதைவிட வித்திப் பதிவு எடுப்பது உறுதியானது. விரிந்த குடை ஒன்றின் தண்டை வெட்டிவிட்டு, பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான கடதாசியில் தகடு கீழே இருக்க வையுங்கள். காற்றுப் படாமல் ஒரு கோப்பையால் மூடி இரவு முழுக்க விடுங்கள். காலையில் தூள் படிந்திருக்கும். புற்றுக்காளானுக்கு இளஞ்சிவப்பு, அமனிற்றாவுக்கு வெள்ளை, குளோரோபிலத்துக்கு மங்கிய பச்சை. வெள்ளைக் கடதாசி மட்டும் வைத்தால் வெள்ளைத் தூள் தெரியாது, ‘ஒன்றும் விழவில்லை’ என்று நினைத்துவிடுவீர்கள். மொட்டில் பதிவு விழாது. இளஞ்சிவப்பு விழுந்தாலே நல்லது என்றும் இல்லை. என்ரொலோமா என்ற சாதிக்கும் இளஞ்சிவப்புத்தான், அதில் நஞ்சுள்ளவை உண்டு. அதன் தகடுகள் தண்டோடு ஒட்டியிருக்கும், வேர் இருக்காது. நிறம், தகடு, அடி, வளர்ந்த இடம் நாலும் ஒத்துப்போனால்தான் சட்டிக்கு.

வைக்கோற் காளான் இந்த இடத்தில் குழப்பும். பழைய வைக்கோற் கும்பத்திலும் அழுகும் வாழைக்குற்றிக் குவியலிலும் சூடும் ஈரமும் சேரும்போது வரும். அடியில் பை உண்டு, அமனிற்றாவைப்போலவே. வேறுபாடு: தண்டில் வளையம் இல்லை, தகடு முற்றும்போது சிவக்கும், பதிவு மண்ணிறம் கலந்த இளஞ்சிவப்பு, மண்ணில் இல்லாமல் வைக்கோலிலேயே நிற்கும். முட்டைப் பருவத்தில்தான் சுவை, ஆனால் அந்தப் பருவத்தில் இரண்டையும் பிரிப்பது மிகக் கடினம். ஒரே கும்பத்தில் விரிந்தவையும் பக்கத்தில் நின்று, தகடு சிவந்திருப்பதைக் கண்டால் மட்டும் முட்டைகளை எடுக்கலாம். வெளிநாட்டில் இருக்கும் எங்கள் சனத்துக்கு இதை அழுத்திச் சொல்லவேண்டும். கன்பராவில் 2011 கடைசி நாள் விருந்துக்குச் சமைத்த காளானால் 2012 தொடக்கத்தில் இருவர் இறந்தார்கள். அங்கே ஓக் மரங்களின் கீழ் வரும் கொடிய அமனிற்றாவை வைக்கோற் காளான் என்று எண்ணிப் பறித்ததாகவே கருதப்பட்டது. ஊரில் பழகிய கண்ணை வேறு நாட்டு மண்ணில் நம்பவேண்டாம்.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு மரக்காளான்கள் மேல். பட்டுப்போன மாங்கொப்பில் சாம்பல் நிற மயிரோடு சிறு விசிறிகளாக வருவது ஒன்று. அதன் அடித் தகடுகள் ஒவ்வொன்றும் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்திருக்கும். அந்தப் பிளவு வேறெதிலும் இப்படித் தெளிவாக இராது. கடினமானது, ஊறவைத்து அரை மணித்தியாலம் அவித்தால்தான் மெல்லலாம். காதுக்காளானும் அப்படியே, தொட்டால் றப்பர்போல வழுக்கும், ஈரக் கொப்பில் காதுமடல்போல ஒட்டியிருக்கும்.

வெள்ளிக் கரண்டி கறுத்தால் நஞ்சு, உள்ளி நீலமானால் நஞ்சு, அரிசி நிறம் மாறாவிட்டால் நல்லது, புழு தின்றால் மனிதனும் தின்னலாம், புளி விட்டால் நஞ்சு முறியும் என்றெல்லாம் சொல்வார்கள். ஒன்றும் உண்மையில்லை. அமற்றொக்சின் வெள்ளியோடு வினைபுரிவதில்லை. ஆளைக் கொல்லும் காளானைப் புழுவும் நத்தையும் சுகமாகத் தின்னும்.

போகும் இடத்தைப் பற்றியும் சில. முகமாலைப் பக்கம் போன்ற பழைய முன்னரங்க நிலங்களில் கண்ணிவெடி உண்டென்று காட்டும் மண்டையோட்டுச் சிவப்புப் பலகை கண்ட இடத்துக்கும் அதை அண்டிய பற்றைக்கும் போகக்கூடாது. துப்புரவு முடிந்தது என்று உறுதியாகத் தெரியாத காணியில் கிண்டவே கூடாது. புற்றில் நாகமும் சருகில் புடையனும் இருக்கும், தடியால் தட்டிவிட்டுக் குனியுங்கள், பொந்துக்குள் கை விடாதீர்கள். நாகதம்பிரானுக்கு விளக்கு வைக்கும் புற்றில் எவரும் கிண்டுவதில்லை, நீங்களும் விட்டுவிடுங்கள். வெங்காயம், மிளகாய், புகையிலைத் தோட்ட வரம்பில் வருவதை எடுக்கவேண்டாம். காளான் மண்ணில் உள்ள மருந்தையும் உலோகத்தையும் உறிஞ்சும், கழுவினால் போகாது. சாணத்தில் முளைப்பதும் வேண்டாம்.

கொண்டுவர ஓலைப்பெட்டியோ கடகமோதான் நல்லது. பொலித்தீன் பையில் வியர்த்து ஒரு மணித்தியாலத்திலேயே பிசுபிசுக்கும். ஒவ்வொரு இடத்தில் எடுத்ததையும் கடதாசியில் தனித்தனியாகச் சுற்றுங்கள். சந்தேகமான ஒன்று நல்லவற்றோடு கலந்து நொறுங்கினால் பெட்டி முழுவதையும் கொட்டவேண்டியதுதான். புற்றுக்காளான் காலையில் எடுத்தால் பகலுக்கே சமைக்கவேண்டும், மறுநாள் புழு வைத்துவிடும்.

சமையலில் நடக்கும் பிழை, பச்சைக் காளானைப் பாலுக்குள் நேரே போடுவது. அதுவே நிறையத் தண்ணீர் விடும், கறி சொதியாகிவிடும். 250 கிராம் காளானை மண் போக மஞ்சள் தண்ணீரில் அலசி, கையால் கிழித்து, வெறுந் தாச்சியில் போட்டு நீர் வற்றும்வரை வதக்குங்கள். பிறகு எண்ணெய், எட்டுச் சின்ன வெங்காயம், மூன்று பச்சைமிளகாய், நாலு பல்லு உள்ளி, கறிவேப்பிலை, கொஞ்சப் பெருஞ்சீரகம். வதங்கியதும் அரைக் கோப்பை இரண்டாம் பால் விட்டு 15 நிமிடமாவது கொதிக்கட்டும். கடைசியில் கால் கோப்பை முதற்பால், இறக்கித் தேசிப்புளி. அரை அவியலில் இறக்கினால் நல்ல காளானும் வயிற்றைக் குழப்பும்.

முதல்முறை சாப்பிடுகிறவர் இரண்டு மேசைக்கரண்டிக்கு மேல் எடுக்கவேண்டாம். பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஈரல் நோயாளருக்கும் கொடுக்காதீர்கள். சமைக்காத முழுக் காளான் ஒன்றை, அடியோடு, கடதாசியில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு நாள் வையுங்கள். யாருக்காவது வாந்தி தொடங்கினால் அதையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். எத்தனை மணிக்குச் சாப்பிட்டார், எத்தனை மணிக்கு வாந்தி தொடங்கியது என்று எழுதிக் கொடுங்கள். 6 மணித்தியாலத்துக்குப் பிந்தித் தொடங்கினால் ஈரலைப் பார்க்கவேண்டும் என்று வைத்தியருக்கு அது சொல்லும். முந்தித் தொடங்கினாலும் இரண்டு சாதி கலந்திருக்கலாம் என்பதால் வீட்டில் வைத்திருக்கக்கூடாது. உப்புத்தண்ணீர் பருக்கி வாந்தி எடுக்கவைக்கவும் கூடாது. வாந்தி நின்று ஆள் தெளிந்தார் என்று வைத்தியசாலையிலிருந்து கூட்டிவரவும் கூடாது.

நல்ல புற்றொன்று கிடைத்தால் கிண்டிய குழியை அதே மண்ணால் மூடி, பக்கத்து வேலிக் கதியாலில் ஓர் ஓலைத்துண்டைக் கட்டி, திகதியையும் எத்தனை நாள் மழைக்குப் பிறகு வந்தது என்பதையும் கொப்பியில் குறித்துவையுங்கள். அடை கலையாத புற்றில் அடுத்த ஐப்பசியிலும் ஏறக்குறைய அதே கிழமையில், அதே இடத்தில் குடை விடும்.