துடைப்பமும் டம்ளரும்

ட்ரெயினிங்னு சொல்லி என்னைய ஜப்பானுக்கு அனுப்பினப்ப பயமெல்லாம் சாப்பாட்டையும் பாஷையையும் நெனச்சு தான். நாகோயா பக்கத்துல ஒரு பார்ட்ஸ் பேக்டரி, 11 மாசம். சுத்தத்துல நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லன்னு இருந்தேன், வாசல்லயே செருப்ப கழட்டி, அண்ணாந்து தண்ணி குடிச்சு, எச்சில் பாத்து வளந்தவங்க தானே.

செருப்பு விஷயத்துல அவங்க நம்மள விட கறார். வாசல்ல ‘கென்கான்’னு ஒரு படி தாழ்வா இருக்கும், ஷூ அங்கயே நின்னுடணும், மேல ஏறினா வீட்டு ஸ்லிப்பர், தத்தாமி பாய் போட்ட ரூம்னா அதுவும் கூடாது, டாய்லெட்டுக்கு தனி ஸ்லிப்பர். மொத மாசம் ஒரு பழைய விடுதில டின்னர், நான் டாய்லெட் ஸ்லிப்பரோடயே தாழ்வாரம் தாண்டி வந்துட்டேன். யாரும் ஒண்ணும் சொல்லல, கூட வேல பாக்குற பெரியவர் ஒருத்தர் என் காலப் பாத்துட்டு பேசாம எழுந்து போயி வேற ஸ்லிப்பர் எடுத்துட்டு வந்து என் முன்னாடி வச்சார். திட்டியிருந்தா கூட அவ்ளோ வலிச்சிருக்காது.

குளியல் புரியறதுக்கு ரொம்ப நாளாச்சு. வீட்டுல தொட்டில ரொப்பின வெந்நீர்ல ஒருத்தர் மாத்தி ஒருத்தர் எறங்குவாங்க, அதே தண்ணி. எனக்கு கொமட்டுச்சு. அப்புறம் தான் தெரிஞ்சது, வெளிய உக்காந்து சோப்பு போட்டு நல்லா தேச்சு கழுவிட்டு தான் தொட்டிக்குள்ள காலே வைக்கணும், அந்த தண்ணி ஒடம்பு களைப்புக்கு, அழுக்குக்கு இல்ல. எச்சிலும் அங்க உண்டு, நாலு பேர் ஒரே சட்டில சாப்பிடறப்ப பரிமாற தனி குச்சி வைப்பாங்க, எங்க ஆச்சி பாத்திருந்தா சந்தோஷப்பட்டிருக்கும். நாலு பேர் முன்னாடி மூக்கு சிந்தினா மட்டும் மொகம் சுளிப்பாங்க.

ஆனா என்னைய மாத்தினது இதெல்லாம் இல்ல, காலைல நடக்கிற பத்து நிமிஷம். ஷிப்ட் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எல்லாரும் துணியும் துடைப்பமும் எடுப்பாங்க. 5எஸ்னு வேல செய்யற எடத்த ஒழுங்கா வச்சுக்க ஜப்பான்காரங்க வச்ச அஞ்சு விதி, அதுல செய்சோன்னு ஒண்ணு வரும், சுத்தம் பண்றது, நான் அத காலேஜ்ல மனப்பாடம் பண்ணி எழுதி மார்க் வாங்கினவன். அங்க பிளான்ட் மேனேஜர் முட்டி போட்டு மெஷின் அடில எண்ணெய் தொடச்சிட்டு இருந்தார். எங்க லீக் ஆகுதுன்னு தொடச்சா தானே தெரியும்னார். பள்ளிக்கூடத்துலயே கிளாஸ்ரூம பசங்களே கூட்டித் தொடச்சு வளந்தவங்க, அவருக்கு அது ஒரு விஷயமாவே தெரியல.

திரும்பி ஸ்ரீபெரும்புதூர் வந்தேன். நம்ம செவுத்துலயும் 5எஸ் போர்டு இருக்கு, செய்சோவுக்கு கீழ ஹவுஸ்கீப்பிங் அக்காங்க போட்டோ. மறுநாள் என் லைன்ல எண்ணெய் சிந்தியிருந்தத தொடைக்கலாம்னு மாப்ப எடுத்தேன், அந்த அக்கா ஓடி வந்து புடுங்கிட்டாங்க. “குடுங்க சார், சூப்பர்வைசர் பாத்தா எனக்கு தான் பேச்சு விழும்.” அவங்க மொகத்துல நெஜமாவே பயம். கையால மலம் அள்ள வைக்கிறத 1993லயும் திரும்ப 2013லயும் சட்டம் போட்டு தடுத்த நாடு இது, இன்னமும் சாக்கடைக்குள்ள எறங்கி ஆளுங்க சாகறாங்க. அழுக்கு பண்றவன் ஒருத்தன், அள்ளுறவன் இன்னொருத்தன்னு நம்ம மனசுல அவ்ளோ ஆழமா கெடக்கு.

அப்புறம் தான் கேண்டீன் கண்ணுல பட்டுச்சு. எங்களுக்கு எவர்சில்வர் டம்ளர்ல டீ, ஹவுஸ்கீப்பிங் ஆளுங்களுக்கு மட்டும் பேப்பர் கப். இத்தன வருஷம் அதே வரிசைல நின்னு குடிச்சிருக்கேன், ஒரு தடவ கூட கவனிச்சதில்ல. ஏன்னு கேட்டதுக்கு “ஹைஜீன் சார்”னாங்க. நாள் பூரா நம்ம டாய்லெட்ட கழுவி வைக்கிற கைக்கு ஒரு டம்ளர் கெடையாது, அதுக்கு பேரு ஹைஜீன். எச்சில் பாக்குறவங்கன்னு பெருமையா நெனச்சிட்டு இருந்தேன் பாருங்க, அது எங்க போயி நிக்குதுன்னு அன்னிக்கு தான் தெரிஞ்சது.

இப்ப நானும் பேப்பர் கப்லயே வாங்குறேன், என் லைன்ல மூணு பசங்களும் அப்படித்தான். கேண்டீன் கமிட்டிக்கு எழுதிக் குடுத்திருக்கேன். வர்ற வெள்ளிக்கிழம மீட்டிங்.