மூலனூர் பக்கம் ஒரு செங்காந்தள் காடு

செங்காந்தளைப் படம் எடுக்க நினைப்பவர்கள் மலையேறத் தேவையில்லை. தாராபுரத்திலிருந்து கரூர் போகும் பஸ்ஸில் ஏறி மூலனூரில் இறங்கினால் போதும். நம் மாநில மலர் இங்கே வேலி கட்டி, சொட்டுநீர் விட்டு வளர்க்கும் பணப்பயிர். ஊர்க்காரர்களுக்கு அது கண்வலிக்கிழங்கு.

நான் போனது ஐப்பசியில். முள்கிளுவைக் குச்சிகளை வரிசையாக நட்டுக் கொடியை ஏற்றியிருந்தார்கள். தனிப் பற்றுக்கம்பி கிடையாது. இலையின் நுனியே சுருண்டு குச்சியைப் பிடித்துக்கொள்கிறது. பூவின் அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு. நாளாக ஆக முழுவதும் சிவந்துவிடுமாம்.

காலை வெயில் ஏறுவதற்குள் பெண்கள் வேலையை முடிக்கும் அவசரத்தில் இருந்தார்கள். ஒரு பூவின் மகரந்தப்பையைக் கிள்ளி, இன்னொரு பூவின் சூலக முடியில் மெல்லத் தடவுகிறார்கள். சூலகத் தண்டு அடியிலேயே மடங்கிப் பக்கவாட்டில் நீண்டுவிடுவதால் சொந்த மகரந்தம் அதில் எளிதில் படாது. "தொடாமல் விட்டால் பூ இருக்கும், காய் இருக்காது கண்ணு" என்றார் ஓர் அம்மா, கையை நிறுத்தாமல். அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். பூவை ரசிக்க எனக்கு மட்டும்தான் நேரம் இருந்தது.

ஆடி, ஆவணியில் கிழங்கு ஊன்றுகிறார்கள். கலப்பை போலக் கவட்டையாக இருக்கும் கிழங்கின் நுனியில்தான் முளைக்கண். அது ஒடிந்தால் முளைக்காது என்பதால் கூடையிலிருந்து எடுப்பதே பதமாக. பூக்கும் நேரத்தில் அடைமழை பிடித்தால் பூ உதிரும், கிழங்கும் அழுகும்.

காசு விதையில் இருக்கிறது. அதிலிருந்து பிரிக்கும் கோல்ச்சிசின், கவுட் என்னும் யூரிக் அமில மூட்டுவலிக்கு மருந்து. 2023இல் அமெரிக்காவில் 0.5 மில்லிகிராம் மாத்திரைக்கு இதய நோய்க்காகவும் அனுமதி கிடைத்தது. விதையில்லாத் தர்ப்பூசணியை உருவாக்குவதிலும் இதே பொருளுக்குப் பங்குண்டு என்பது வேடிக்கைதான். சித்த மருத்துவர்கள் கிழங்கைக் கோமியத்தில் ஊறவைத்துச் சுத்தி செய்த பிறகே கையாள்கிறார்கள். ஏதோ வள்ளிக்கிழங்கு என்று தின்று உயிரை விட்டவர்கள் உண்டு. செடி முழுக்க நஞ்சு. கைவைத்தியத்துக்கு இது வேண்டவே வேண்டாம்.

தை வாக்கில் காய் பறித்து, உள்ளிருக்கும் செம்மணி விதைகளைக் காயவைப்பார்கள். விலை ஆண்டுக்கு ஆண்டு தாறுமாறாக ஏறி இறங்கும். சரிந்த ஆண்டில், கையில் கொஞ்சம் தெம்பு உள்ளவர்கள் மூட்டை கட்டி வீட்டில் வைத்துக் காத்திருக்கிறார்கள். கடன் வாங்கிக் கிழங்கு ஊன்றியவர்கள் வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுத்துவிடுகிறார்கள்.