தேக்கில் ஒரு சுவர் அலமாரி: இதுவரை

சுவரில் மாட்டும் அலமாரியின் கூடு ஒட்டி முடிந்துவிட்டது. 24 அங்குல உயரம், 14 அங்குல அகலம், 7 அங்குல ஆழம். கூட்டில் ஆணியோ திருகோ கிடையாது, நான்கு மூலையும், புறாவின் வால்போல் விரிந்த பற்களை ஒன்றுக்குள் ஒன்று கோக்கும் ‘புறா-வால்’ மூட்டு. கதவுச் சட்டம் அறுத்தாகிவிட்டது. கீழே வரும் இழுப்பறை பாக்கி.

இந்த வேலைக்குள் என்னை இழுத்தவர் ஜேம்ஸ் கிரெனோவ். 1920-ல் சைபீரியாவில் பிறந்து, ஸ்வீடனில் மரச்சாமான் வடிவமைப்பாளர் கார்ல் மால்ம்ஸ்டனின் பள்ளியில் தச்சு பயின்று, 1981-ல் கலிஃபோர்னியாவின் ஃபோர்ட் பிராக்கில் தாமே கற்பிக்கத் தொடங்கியவர். 2009-ல் மறைந்தார். அவர் செய்த அலமாரிகளில் கதவுப் பலகையின் ரேகை எந்தப் பக்கம் வளைகிறதோ, அந்தப் பக்கம்தான் மொத்த வடிவமும் சாயும். மரத்தை முதலில் பார்ப்பார், அளவெல்லாம் அப்புறம்தான். மரத்தால் ஆன இழைப்புளிகளையும் தாமே செய்துகொண்டார். நம் ஆசாரிகளின் இழைப்புளியும் மரக்கட்டைதான் என்பதால் எனக்கு அந்த இடத்தில் அந்நியமே தெரியவில்லை.

மரம் காரைக்குடிப் பக்கம், பழைய வீடு இடித்த சாமான் விற்கும் கடையில் கிடைத்தது. தேக்கு விட்டம் ஒன்று. அறுவை மில்லுக்குக் கொண்டுபோகும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் காந்தம் வைத்துத் தடவி ஆணி பிடுங்கினேன். பழைய மரத்தில் இந்த வேலையைத் தவிர்க்கவே முடியாது. அறுத்து வந்த பலகைகளை நடுவில் குச்சி வைத்து அடுக்கிக் காற்றாட விட்டேன். எத்தனை வயதான விட்டமானாலும், பிளந்ததும் உள்ளே அடங்கியிருந்த இறுக்கம் வெளியே வந்து பலகை கொஞ்சம் நெளியும். நெளிந்து முடித்த பிறகுதான் இழைக்க வேண்டும்.

தாளில் நான் போட்டிருந்த அகலம் 16 அங்குலம். அடுத்தடுத்து அறுத்த இரண்டு பலகைகளைப் புத்தகம் விரித்ததுபோல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது, நடுவில் ரேகை கோபுர நுனிபோலக் கூடியது. வெளி ஓரத்தில் ரேகை தாறுமாறாக ஓடிய பகுதியைக் கழித்தால் 14 அங்குலக் கதவுதான் வரும். சரி, அலமாரியே 14 ஆயிற்று. இப்போது பார்த்தால் 16 அங்குலம் அதற்குப் பொருந்தியே இருக்காது.

மூட்டில்தான் அதிக நேரம் போனது, சந்தோஷமும் அங்கேதான். சுவரில் தொங்கும் அலமாரிக்கு வால்கள் பக்கப் பலகையில் வர வேண்டும். அப்போது உள்ளே எவ்வளவு கனம் வைத்தாலும் அடிப்பலகை கீழே நழுவ வழியில்லை, வால் அதைப் பிடித்துக்கொள்ளும். தேக்குக்கு வாலின் சாய்வு 1:8 எடுத்தேன், அதாவது எட்டுக்கு ஒன்று. வால்களை முதலில் அறுத்து, அதையே அடிப்பலகையின் தலைப்பக்கத்தில், அதாவது ரேகை குறுக்கே வெட்டுப்பட்ட முனையில், வைத்துக் கத்தி முனையால் கோடு கிழித்தேன். பென்சில் கோட்டுக்குக் கனம் உண்டு, கத்திக் கோட்டுக்கு இல்லை. உளியும் அந்தக் கீறலில் தானாகப் போய் உட்காரும்.

எங்கள் தெரு ஆசாரி ஒரு மாலை வந்து நின்று பார்த்தார். “தம்பி, கோட்டுமேல வாளை வைக்காதீங்க. கழிவுப் பக்கம் வைங்க, கோடு நிக்கட்டும்” என்றார். கோட்டை நிற்கவிட்டு அறுத்தால் மூட்டு கையால் பாதி வரை இறங்கும், கொட்டாப்புளியால் தட்டினால் மீதி இறங்கும். அந்தத் தட்டலின் சத்தம் முழுதாக இறங்கும்போது மாறும். எனக்கு இப்போது அந்த ஒலி பிடிபட்டுவிட்டது.

தேக்கில் சிலிக்கா இருப்பதால் உளி சீக்கிரம் மழுங்கும். 25 பாகைச் சாய்வில் தீட்டி, முனையை மட்டும் 30 பாகைக்கு ஏற்றினால் கூர் கொஞ்சம் தாங்குகிறது. தீட்டுவதற்கு முதலில் 1000 எண் சாணைக்கல், பிறகு அதைவிட நைசான 6000 எண் கல். தலைப்பக்கத்தைச் சீவும்போது தூள் வராமல் பளபளப்பாகச் சுருள் வந்தால் கூர் சரி. எண்ணெய்ப் பசை உள்ள மரம் என்பதால் ஒட்டுவதற்குச் சற்று முன் மூட்டுகளை அசிட்டோனால் துடைத்தேன்.

கதவுக்குச் சட்டம் கட்டி, உள்பலகையைக் காடியில் (சட்டத்தின் உள்விளிம்பில் வெட்டிய பள்ளத்தில்) பசை போடாமல் நிறுத்தப் போகிறேன். 8 அங்குல அகலத் தேக்குப் பலகை, ஈரம் 4 சதவீதம் ஏறினால் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் விரியும். ரேகை படுக்கையாக வரும்படி அறுத்த பலகையின் கணக்கு இது. நெட்டுக்கு நிற்கும்படி அறுத்ததில் ஏறத்தாழ பாதிதான். காடியில் அந்த இடம் விட்டிருக்கிறேன். செட்டிநாட்டு வீட்டுக் கதவுகளில் பார்த்துப் பழகிய அதே சட்டம்–பலகை முறைதான்.

உள்பக்கத்துக்கு அரக்கு மெருகு (ஷெல்லாக்) பூசுவேன். எண்ணெய் பூசினால் மூடிய அலமாரிக்குள் வாடை லேசில் போகாது.

இழுப்பறையை ஐப்பசி மழையில் பொருத்த உத்தேசம். மரம் ஊறியிருக்கும்போது காகிதம் நுழையும் இடைவெளி போதும். சித்திரையில் பொருத்துவதானால் 3 அங்குல உயரப் பக்கத்துக்கு அரை மில்லிமீட்டருக்கு மேலேயே விட வேண்டியிருக்கும். பக்கப் பலகைகளை 10 மில்லிமீட்டர் கனத்துக்கு இறக்கிக்கொண்டிருக்கிறேன். முகப்புக்கு, கதவின் அதே ரேகை தொடரும் துண்டு ஒன்று ஒதுக்கி வைத்திருக்கிறேன்.