காசு வாங்கிட்டு போடுற செய்தி

எலெக்‌ஷன் டைம்ல சில பேப்பர்ல ஒரு பக்கம் ஒரு வேட்பாளர் அமோகமா ஜெயிக்கிறார்னு செய்தி, அடுத்த பக்கமே அவரை எதிர்த்து நிக்கிறவரும் அமோகமா ஜெயிக்கிறார்னு செய்தி. ஒரே பேப்பர்ல இது எப்படிங்க வரும்? காசு வாங்குனா வரும். பெய்டு நியூஸ்னு சொல்றது இதைத்தான்.

உ.பி. பிசௌலி தொகுதி கேஸ் எத்தனை பேருக்குத் தெரியும்னு தெரியல. 2007 சட்டமன்றத் தேர்தல்ல ஜெயிச்ச உம்லேஷ் யாதவுக்கு ஆதரவா ரெண்டு பெரிய இந்தி பேப்பர்ல செய்தி மாதிரியே விளம்பரம் வந்துச்சு, தோத்துப் போன வேட்பாளர் விடாம, பத்திரிகைங்க மேல வர்ற புகாரை விசாரிக்கிற பிரஸ் கவுன்சில் வரைக்கும் போனார், கடைசில அந்தச் செலவை தேர்தல் செலவுக் கணக்குல காட்டலன்னு தேர்தல் ஆணையம் 2011 அக்டோபர்ல உம்லேஷை 3 வருஷத்துக்கு தகுதி நீக்கம் பண்ணுச்சு. ஆனா பாருங்க, அதுக்குள்ள 4 வருஷம் ஓடிப்போச்சு, அடுத்த எலெக்‌ஷனே வாசல்ல வந்து நிக்குது. சரி, காசு வாங்குன பேப்பருக்கு என்ன தண்டனை? பிரஸ் கவுன்சிலால கண்டிக்க மட்டும்தான் முடியும், அபராதம் போடக்கூட அதிகாரம் கிடையாது. இதுதான் எனக்கு வயித்தெரிச்சல்.

2009 எம்.பி. எலெக்‌ஷனுக்கு அப்புறம் இதே பிரஸ் கவுன்சில் பெய்டு நியூஸ் பத்தி துணைக்குழு போட்டு பத்திரிகைங்க பேரோட ரிப்போர்ட் வாங்குச்சு, ஆனா முழுசா வெளியிடல, 2011ல, தகவல் உரிமைச் சட்ட மேல்முறையீட்டை விசாரிக்கிற மத்திய தகவல் ஆணையம் சொன்னப்புறம்தான் வெளிய வந்துச்சு. பெய்டு நியூஸை தேர்தல் குற்றமாவே ஆக்குங்கன்னு 2015ல, சட்டத்தை எப்படி மாத்தலாம்னு ஆலோசனை சொல்ற சட்ட ஆணையமும் மத்திய அரசுக்கு எழுதிக் குடுத்துச்சு. ஓட்டு கேட்டு வர்ற வேட்பாளர்கிட்ட இதை ஏன் இன்னும் செய்யலன்னு கேளுங்க, எந்தக் கட்சியா இருந்தாலும் சரி.