பிராகிலிருந்து லண்டனுக்கு: 1,564 தோரா சுருள்கள்

தோரா சுருள் என்பது யூத வேதத்தைத் தோலில் கையால் எழுதிய சுருள். அப்படிப்பட்ட சுருள்கள் பிராகிலிருந்து லண்டனுக்குப் போன கதையை இரண்டு நகரங்களிலும் பார்க்கலாம். செக் தலைநகர் பிராகின் பழைய யூதப் பகுதியான யோசெபோவுக்குப் போகிறவர்கள் சனிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். ஓய்வுநாள் என்பதால் யூத அருங்காட்சியகம் திறக்காது. ஆண்கள் தலையை மூடிக்கொண்டு போவது முறை.

முதலில் பின்காஸ் தொழுகைக்கூடம். நாஜிகள் கொன்ற, இன்றைய செக் நாட்டின் பொஹீமிய, மொராவியப் பகுதி யூதர்கள் ஏறக்குறைய 80,000 பேரின் பெயர்கள் சுவர் முழுக்க, ஊர்வாரியாக. இரண்டு மூன்று ஊர்ப் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அருங்காட்சியகத்தின் அடுத்த கூடங்களில் பார்க்கப்போகும், தோரா சுருளுக்கு அணிவிக்கும் வெள்ளிக் கிரீடங்களும், வரியைச் சுட்டிப் படிக்க உதவும் கைவடிவக் கோல்களும் இப்படிப்பட்ட ஊர்களிலிருந்து வந்தவைதான்.

1942-ல் நாஜிகளின் கண்காணிப்பில் ஊர் ஊராக வழிபாட்டுப் பொருட்கள் பிராகில் சேர்ந்தன. பிரித்துப் பட்டியல் போட்டவர்கள் யூத அறிஞர்களே. ‘அழிந்த இனத்தின் அருங்காட்சியகம்’ அமைப்பது நாஜித் திட்டம் என்று பலரும் சொல்வார்கள். அதற்கு அக்கால ஆவணச் சான்று கிடைத்ததில்லை. பொருட்களைக் காப்பாற்றியது அந்தப் பட்டியல் வேலைதான். அதைச் செய்தவர்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள். தப்பிய ஹனா வோலாவ்கோவா போருக்குப் பின் அருங்காட்சியகத்தை நடத்தினார்.

அப்படிச் சேர்ந்தவற்றில் இருந்த தோரா சுருள்களுக்காக லண்டன், நைட்ஸ்பிரிட்ஜில் வெஸ்ட்மின்ஸ்டர் யூதத் தொழுகைக்கூடம் இருக்கும் கென்ட் ஹவுஸ் போக வேண்டும். பிராகின் மிக்லே தொழுகைக்கூடத்தில் ஆண்டுக்கணக்கில் ஈரத்தில் கிடந்த 1,564 சுருள்கள் 1964 பிப்ரவரியில் இங்கே வந்தன. ஓலைச்சுவடிக்குக் கரையான் எப்படியோ, தோல்சுருளுக்கு ஈரம் அப்படி. தோல் சுருங்கி விரியும்போது மேலே படிந்த மை செதில் செதிலாக உதிரும்; தையல் விடும். ஒரு சுருளில் 304,805 எழுத்துகள். ஓர் எழுத்து உடைந்தாலும், இரண்டு ஒட்டிக்கொண்டாலும் அதை வழிபாட்டில் வாசிக்கக் கூடாது.

சுருளைத் திருத்துபவர் ‘சோஃபேர்’ எனப்படும் யூத சமய எழுத்தர். டேவிட் பிராண்ட் என்பவர் கால் நூற்றாண்டுக்கு மேல் இங்கேயே இந்த வேலை பார்த்தார். எழுத்தெழுத்தாகச் சரிபார்க்க வேண்டும். ஒட்டிய இடத்தைக் கத்தியால் சுரண்டி, மங்கியதை இறகுப்பேனாவால் மறுபடி எழுத வேண்டும். கிழிசலுக்குப் பின்பக்கம் தோல் ஒட்டு, விட்ட தையலுக்கு விலங்கு நரம்பு நூல். இறைவனின் பெயரில் மட்டும் சுரண்டலுக்கு இடமில்லை. அங்கே பிழை என்றால் அந்தத் தாளையே மாற்ற வேண்டியிருக்கும்.

பெரும்பாலான சுருள்கள் இன்று பல நாட்டுத் தொழுகைக்கூடங்களில், எண் வில்லையோடு, நிரந்தரக் கடனாக இருக்கின்றன. விற்பனை கிடையாது. ஒரு கூடம் மூடப்பட்டால் சுருளை லண்டனுக்கே திருப்பித் தர வேண்டும்.